ஷூவைக் கழற்ற 34 நிமிடம்: ஒரு சந்திப்பு மையத்தைப் பற்றி

பிரிந்த பெற்றோர் பிள்ளையைக் கண்காணிப்பில் பார்க்க வரும் இந்த மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. மகனுக்கு இப்போதுதான் ஆறு வயது முடிந்திருக்கிறது, வளர்ந்தபின் அவனே தேடிப்பிடித்துப் படித்துவிடுவானோ என்ற பயமும் உண்டு. இருந்தும் எழுதுகிறேன். முதல் தடவை போவதற்கு முந்தின இரவு விடிய விடிய இப்படி ஒரு மதிப்புரையைத் தேடினேன். கிடைத்ததெல்லாம் வக்கீல்களின் விளம்பரமும், மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிற அறிவுரையும்தான். கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும், எங்கே உட்காரச் சொல்வார்கள், கைப்பையை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

கைப்பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போனும் உள்ளே போகாது. எண் போட்ட ஒரு சிறிய பெட்டி, அதற்கு ஒரு சாவி. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், கையிலேயே வைத்திருந்தால் குழந்தை அதைத்தான் முதலில் கேட்கும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அப்பாவும் அம்மாவும் பிரிந்திருக்கிறார்கள், குழந்தை ஒருவரிடம் இருக்கிறது. மற்றவர் வந்து, மையத்து ஊழியர் ஒருவரின் கண்முன் குழந்தையோடு நேரம் செலவிட்டுப் போகும் இடம் இது. பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவின்பேரில்தான் வருவார்கள். நான் போன மையத்தில் மூன்று விதமாக நடக்கிறது. ஊழியர் அறையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக் குறிப்பெழுதுவது ஒன்று. பெரிய கூடத்தில் நாலைந்து குடும்பங்கள் இருக்க, தூரத்திலிருந்து ஒரு கண் வைத்திருப்பது இன்னொன்று. மூன்றாவது வெறும் கைமாற்றம், அதாவது ஒருவர் கொண்டுவந்து விடுவார், மற்றவர் கூட்டிக்கொண்டு வெளியே போவார், அவ்வளவுதான். நான் முதல் வகையில் ஆரம்பித்து, 11 மாதம் கழித்து மூன்றாவதுக்கு வந்திருக்கிறேன். நடுவிலுள்ளதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

எனக்கு ஏன் கண்காணிப்பு? இதைச் சொல்லாமல் மற்றதை எழுதினால் நீங்கள் என்னை நம்ப வேண்டியதில்லை. வேலை மாற்றலாகி வேறு ஊர் போனேன். மகன் பள்ளி மாற வேண்டாமே என்று அவன் அப்பாவிடமே இருக்கட்டும் என்று இருவரும் பேசித்தான் முடிவு செய்தோம். ஒரு விடுமுறையில் அவனைக் கூட்டிவந்தபோது, திருப்பி விடவேண்டிய நாளைத் தாண்டி நான்கு நாள் வைத்துக்கொண்டேன். போனையும் எடுக்கவில்லை. நான்கே நாள்தானே என்று இன்றைக்கும் மனதில் ஒரு குரல் சொல்கிறது. அந்த நான்கு நாளும் அவன் அப்பா எங்கெங்கே ஓடியிருப்பார் என்று யோசித்தால் அந்தக் குரல் அடங்கிவிடும். அவர் மனுப் போட்டார். இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றார். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, காலை 10 முதல் 12 வரை, கண்காணிப்பில் என்று இடைக்கால உத்தரவு வந்தது. மூன்று மாதத்தில் மறுபரிசீலனை என்றும் அதில் இருந்தது.

சேரும்போது ஒரு நேர்காணல். இருவரையும் தனித்தனி நாளில் கூப்பிடுகிறார்கள், அது சரியான ஏற்பாடு. அடி உதை, மிரட்டல் ஏதாவது இருந்ததா என்று நேராகவே கேட்கிறார்கள். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் உண்மை சொல்வார்கள்? பிறகு குழந்தைக்கு என்ன மருந்து, எது ஒவ்வாது, எதைக் கண்டால் பயம், தூங்கும்போது என்ன பிடித்துக்கொள்வான் என்றெல்லாம் கேள்விகள். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று ஒரு கேள்வி வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. என்னைத் திருடி என்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன். நேர்காணல் செய்த அம்மா கோபப்படவில்லை. குழந்தையை நாடு கடத்திக் கொண்டுபோவதைத் தடுக்கவே 1980-இல் ஹேக் உடன்படிக்கை என்று ஒன்று வந்ததையும், அதில் சேர்ந்த நாடுகளுக்குள் என்றால் ஓராண்டுக்குள் வழக்குக்குப் போனால் குழந்தையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே பொது விதி, விலக்குகள் சிலதான் என்பதையும் சொன்னார். "இந்தக் கேள்விய உங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுட்டுதான் உங்ககிட்ட கேக்கிறேன்" என்றார். முன்னாள் வீட்டுக்காரர் என்று திருத்தினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

குடைச்சல் ஆரம்பித்தது பதிவுப் படிவத்தில்தான். ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைந்ததும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் தலைப்பில் "தந்தை வருகைப் பதிவு" என்று அச்சடித்திருக்கிறது. கீழே "தந்தையின் பெயர்", "தந்தை வந்த நேரம்". குழந்தை அம்மாவிடம்தான் இருக்கும், பார்க்க வருகிறவர் அப்பாவாகத்தான் இருப்பார் என்று யாரோ ஒருவர் என்றைக்கோ முடிவு செய்திருக்கிறார். முதல் நாள் பேனாவை வாங்கி, தந்தை என்பதை அடித்துவிட்டுத் தாய் என்று எழுதினேன். வரவேற்பில் இருந்த பெண் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். பெற்ற தாயிடம் பிள்ளையைக் கொடுக்கவில்லை என்றால் இவள் என்னதான் செய்திருப்பாள் என்கிற பார்வை.

இப்போது நல்லதைச் சொல்கிறேன், நல்லது நிறைய உண்டு. இந்த மையத்தில் இரண்டு வாசல். நான் முன்வாசல் வழியாக 9.45-க்கு வர வேண்டும். மகனும் அவன் அப்பாவும் 10 மணிக்குப் பக்கவாட்டு வாசலில் வருவார்கள். அப்பா அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், தெருவில் நிற்கக் கூடாது. முடியும்போது தலைகீழ்: 12-க்கு மகன் முதலில் போவான், நான் 12.15 வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் அந்தக் கடைசிக் கால் மணி நேரம் எனக்குத் தண்டனை மாதிரி இருந்தது. அவன் போன அறையில், அவன் கலைத்துப்போட்ட பொருள்களோடு எதற்கு உட்காரவேண்டும்? எதற்கு என்று நான்காவது மாதத்தில் புரிந்தது.

அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர் தவறான கதவைத் திறந்துவிட்டார். நடைபாதையில் நான் ஒரு பக்கம், அவர்கள் இருவரும் ஒரு பக்கம், நடுவில் பத்தடி இடைவெளி. நானும் அவன் அப்பாவும் ஒரு வார்த்தை பேசவில்லை, முறைக்கக்கூட இல்லை. அதைப் பெருமையாகவே சொல்வேன். ஆனால் மகன் என் முகத்தைப் பார்த்தான், திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். அப்பாவின் விரலை விட்டுவிட்டான். என்னிடமும் வரவில்லை. பக்கத்திலிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றான். இரண்டு பேரில் யாருக்கு முதலில் சிரிப்பது என்று ஐந்து வயதுப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அன்றைய இரண்டு மணி நேரமும் அவன் என்னோடு விளையாடவே இல்லை, ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தான். மையத்து மேலாளர் மறுநாளே இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார், அடுத்த முறை போனபோது நடைபாதையின் நடுவில் ஒரு கதவு புதிதாகப் போடப்பட்டிருந்தது. இதை நான் குறையாகவும் எழுதுகிறேன், நிறையாகவும் எழுதுகிறேன்.

இவர்கள் விற்பது பொம்மையும் அறையும் என்று நினைத்துப் போகாதீர்கள். அந்த இரண்டு வாசலைத்தான் விற்கிறார்கள். பிள்ளை நம் இருவர் முகத்தையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டியதில்லை என்கிற அந்த ஏற்பாட்டுக்குத்தான் காசு. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

முதல் சந்திப்புக்கு முன்னால் குழந்தைக்கு மட்டும் ஒரு நாள் சுற்றிக்காட்டுகிறார்கள். கழிப்பறை எங்கே, ஜன்னல் எங்கே, பயமாக இருந்தால் எந்த அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம். அதனால் நான் போன முதல் நாள் அவன்தான் எனக்கு அறையைச் சுற்றிக்காட்டினான், வீட்டுக்காரன் தோரணையில். "இதைத் தொடக் கூடாது, இது அடுத்த பாப்பாவோடது" என்று எனக்கே சட்டம் சொன்னான். ஏழு மாதம் பார்க்காத பிள்ளை. என்னை வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசுவானோ என்று பயந்திருந்தேன், இல்லை.

ஆனால் ஷூவைக் கழற்றவில்லை. உள்ளே பாய் விரித்திருக்கிறது, எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்கள். இவன் பாயின் ஓரத்தில் ஷூவோடு குந்தி உட்கார்ந்தான். எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓட வசதியாக. நான் கழற்று என்று சொல்ல வாயெடுத்தேன், கூட இருந்த ஊழியர் லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். அவரைச் சிவப்புக் கண்ணாடி அக்கா என்று மகன் கூப்பிடுவான், நானும் அப்படியே சொல்கிறேன். இந்த மையத்துக்கு நான் கொடுக்கும் நட்சத்திரங்களில் பாதி அவருடையது.

பல வாரம் கழித்துக் குறிப்புகளின் நகல் கேட்டு வாங்கினேன். கேட்டால் தருகிறார்கள், எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும். முதல் நாள் குறிப்பில் இருந்தது இது: "10.04, குழந்தை அறைக்குள் வந்தது. தாய் தரையில் அமர்ந்தார். 10.09, குழந்தை ரயில் பொம்மையைக் காட்டியது. 10.38, குழந்தை காலணியைக் கழற்றியது." மூன்றாவது சந்திப்பில் அந்த வரி 10.21. ஆறாவதில் 10.11. பத்தாவது சந்திப்பில் அந்த வரியே இல்லை. கதவருகிலேயே கழற்றி உதறிவிட்டு ஓடிவந்திருக்கிறான், அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை. வழக்கில் என் தரப்பில் எத்தனையோ பக்கம் தாக்கல் செய்திருக்கிறோம். எனக்கு அந்த மூன்று நேரக்குறிப்புகளும், இல்லாமல் போன அந்த ஒரு வரியும் போதும்.

அதே குறிப்பால் அடியும் வாங்கினேன். ஏழாவது சந்திப்பில் சிங்கம் விளையாட்டு. நான் சிங்கம், அவன் வேட்டைக்காரன், மேசைக்கடியில் குகை. அன்றைக்குச் சிவப்புக் கண்ணாடி அக்கா விடுப்பு, வேறொருவர் குறிப்பெழுதினார். அவர் எழுதியது: "10.52, தாய் குரலை உயர்த்தினார். குழந்தை மேசைக்கடியில் சென்றது." இரண்டும் உண்மை! எதிர்த்தரப்பு வக்கீல் இதை நீதிமன்றத்தில் வாசித்தபோது எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. என் வக்கீல் எழுந்து, மை லார்ட், அது சிங்கம் என்று விளக்க வேண்டியிருந்தது. இந்தத் துறையில் பழுத்த அமைப்புகள் உண்டு, அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய சூப்பர்வைஸ்டு விசிட்டேஷன் நெட்வொர்க் அதில் ஒன்று. கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும், தன் கருத்தை எழுதக் கூடாது என்பது அவர்களுடைய நெறிமுறை. இந்த மையமும் அதைத்தான் பின்பற்றுவதாகச் சொல்கிறது. நல்ல விதிதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் சிங்கம் என்பது கருத்து இல்லையே, அதுவும் கண்டதுதானே? மனுக் கொடுத்தபின் அந்தக் குறிப்பின் கீழே "விளையாட்டின் பகுதியாக" என்று ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஐந்து வாரம் ஆனது. நீங்கள் போனால் ஒவ்வொரு மாதமும் நகல் வாங்கிப் படித்துவிடுங்கள், வாய்தா அன்று முதல்முறையாகக் கேட்காதீர்கள்.

ஆட்கள் மாறுவது இன்னொரு குறை. 24 சனிக்கிழமைகளில் 21 நடந்தது. (மூன்று விட்டுப்போனதில் இரண்டு அவனுக்குக் காய்ச்சல், ஒன்று என் ரயில் தாமதம், 20 நிமிடம் தாண்டினால் அன்றைய சந்திப்பு ரத்து, அழுதாலும் புரண்டாலும் ரத்துதான்.) அந்த 21-இல் ஆறு வெவ்வேறு ஊழியர்கள். புது முகம் வரும்போதெல்லாம் ஷூ விஷயத்தில் ஐந்து பத்து நிமிடம் பின்னால் போனோம். சம்பளம் குறைவாம், யாரும் நிலைப்பதில்லையாம். இருக்கலாம். ஆனால் அதன் விலையை அறைக்குள் இருக்கும் பிள்ளைதான் கொடுக்கிறது.

விதிகள் நீளம். அவற்றில் பலவும் முதலில் அவமானமாக இருந்து, பிறகு நியாயமாகப் பட்டவை. காதில் கிசுகிசுக்கக் கூடாது. ஊழியருக்குப் புரியும் மொழியில்தான் பேச வேண்டும். வழக்கைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அம்மாவைத் தேடினாயா என்று கேட்கக் கூடாது. கேட்டால் பிள்ளை ஆம் என்றும் சொல்ல வேண்டும், அப்பாவுக்குத் துரோகம் செய்த மாதிரியும் தோன்றும். அந்த வீட்டைத் துருவக் கூடாது. இதில் நான் மாட்டினேன். அவன் தலையில் வகிடு நேராக எடுத்திருந்தது. "யாருடா கண்ணா தலை வாரி விட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்கும்போது எனக்கே தெரியும், அது தலைமுடியைப் பற்றிய கேள்வி இல்லை. சிவப்புக் கண்ணாடி அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் உடனே, "அழகா இருக்கு" என்றேன். "நானே வாரினேன்" என்றான் அவன். பெருமை தாங்கவில்லை.

பரிசுப்பொருள் பிறந்தநாளுக்கு மட்டும். போட்டோ எடுக்க இரு தரப்பும் எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும், எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்த 11 மாதத்தில் ஒரு படம்கூட இல்லை. அடுத்த முறை கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிற மாதிரி வாக்குறுதி கொடுக்கக் கூடாது. விடைபெறும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் நான் தடுமாறியதைப் பார்த்து, தூக்கக் கணக்குச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு வாரம் என்றால் ஐந்து வயதுக்குப் புரியாது, இன்னும் 14 தூக்கம் என்றால் புரியும். அது உண்மையிலேயே வேலை செய்தது. ஒரு முறை மதியத் தூக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஒரு வாரத்திலேயே வர வேண்டும் என்று வாதாடினான், வக்கீலாக வரவேண்டிய பிள்ளைதான்.

எனக்குத் தாங்காதது கடிகாரம். அறைக்கு அறை பெரிய சுவர்க்கடிகாரம், போதாததற்கு 11.50-க்குக் கதவைத் தட்டி "பத்து நிமிஷம்" என்று ஒரு குரல், 11.55-க்கு "அஞ்சு நிமிஷம்". முன்கூட்டிச் சொல்வது குழந்தைக்கு நல்லது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குரல் தேர்வறை மேற்பார்வையாளர் குரல். சில வாரத்திலேயே மகன் 11.30-க்கே கதவைப் பார்க்க ஆரம்பித்தான். நான் எழுதிக் கேட்டபின் மணல் கடிகாரம் ஒன்று வைத்தார்கள், எங்கள் அறைக்கு மட்டும். மற்ற அறைகளில் இன்னமும் தட்டுகிறார்கள், சத்தம் கேட்கிறது.

அதைவிடக் கொடுமை, கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் எடுத்துவைக்க வேண்டும் என்ற விதி. அடுத்த குடும்பம் வருமே. ஒரு நாள் மகன் மரக்கட்டைகளில் பாலம் கட்டினான். ஒன்றே கால் மணி நேரம். நடுத்தூண் மூன்று முறை விழுந்தது, நான் கை வைக்கப் போனால் விடவில்லை. நாலாவது முறை நின்றது. மூச்சுவிடாமல் ரயிலை அதன்மேல் ஓட்டினான். 11.55, தட்டு. கலைக்க வேண்டும். அதுவரை என்னை விட்டுப் பிரியும்போது அவன் அழுததில்லை. அன்றைக்கு அழுதான், பாலத்துக்காக. என்னைக் கட்டிக்கொண்டு, பாலத்துக்காக மட்டும் என்று நான் நம்ப முடியாத அளவுக்கு அழுதான். சிவப்புக் கண்ணாடி அக்கா ஒரு பலகையைக் கொண்டுவந்து, நாங்கள் மூவருமாகப் பாலத்தை அதன்மேல் நகர்த்தி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி, ஒரு தாளில் "உடைக்க வேண்டாம், மறுபடி வருவார்" என்று எழுதி ஒட்டினார். 14 தூக்கம் கழித்து அது அப்படியே இருந்தது. இப்போது அந்த அலமாரியில் நாலைந்து பலகைகள் இருக்கின்றன, மற்றப் பிள்ளைகள் கட்டியவை. அது விதிப்புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று தெரியாது, நடைமுறையில் ஏறிவிட்டது.

9.45-லிருந்து 10 வரை நான் உட்காரும் முன்னறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வாசகம் மாட்டியிருக்கிறது. 1989-இல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, ஒன்பதாவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ பிரிந்திருக்கும் குழந்தைக்கு, இருவரோடும் தவறாமல் நேரடித் தொடர்பும் உறவும் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, அது குழந்தையின் நலனுக்கு மாறாக இருந்தாலொழிய. இருபது முறைக்குமேல் வாசித்திருக்கிறேன், வேறு வாசிக்க அங்கே ஒன்றுமில்லை. எட்டாவது தடவையோ என்னவோதான் கவனித்தேன், அதில் எனக்கு ஓர் உரிமையும் எழுதியிருக்கவில்லை. அவன் அப்பாவுக்கும் இல்லை. நீதிமன்ற வராந்தாவில் நாங்கள் இருவரும் என் உரிமை என் உரிமை என்று கத்தியது நினைவுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு பெட்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் என்ற உத்தரவு 11 மாதமானதற்கு மையம் காரணமில்லை, பெரும்பகுதி வாய்தாக்கள். ஆனால் ஒரு பங்கு அவர்களுக்கும் உண்டு. சந்திப்பு அறிக்கையை அவர்களாக நீதிமன்றத்துக்கு அனுப்புவதில்லை. யாராவது கேட்க வேண்டும், கேட்டபின் வாரக்கணக்கில் ஆகும். இதைச் சேரும்போதே ஒரு வரி சொல்லியிருந்தால் முதல் வாய்தாவுக்கே அறிக்கை கையில் இருந்திருக்கும். இதுபோன்ற வழக்குகளில் நாள் போவது வெறும் நாள் போவதில்லை. பிள்ளை எங்கே பழகிவிட்டானோ அங்கிருந்து எடுக்க எந்த நீதிபதியும் தயங்குவார், இடைக்காலம் என்பது அப்படியே நிரந்தரமாகிவிடும். உத்தரவில் மறுபரிசீலனைத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு ஆறு வாரம் முன்பே அறிக்கை கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மாடியில் மத்தியஸ்த அறை இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம், இருவரும் பாதிப் பாதி. நான் நம்பிக்கையில்லாமல்தான் போனேன். அமெரிக்காவில் ராபர்ட் எமரி என்ற உளவியலாளர் குழு செய்த ஆய்வை மத்தியஸ்தர் முதல் நாளே எடுத்துச் சொன்னார். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கோடு வந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை மத்தியஸ்தத்துக்கும் சிலரை வழக்காடவும் விட்டார்கள். 12 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மத்தியஸ்தத்துக்குப் போனவர்களில், குழந்தையோடு வசிக்காத பெற்றோரில் 28 சதவீதம் பேர் வாரம் ஒருமுறையாவது பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்காடியவர்களில் 9 சதவீதம். 28 என்பதும் ஒன்றும் பெரிய எண் இல்லையே என்றார் மகனின் அப்பா. எனக்கும் அதேதான் தோன்றியது. பல மாதத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

மூன்று அமர்வு. முதல் இரண்டில் அவர் ஓர் அறை, நான் ஓர் அறை, மத்தியஸ்தர் நடுவில் நடந்தார். மூன்றாவதில் ஒரே மேசை. அந்த நான்கு நாளுக்காக மன்னிப்புக் கேட்டேன். யாரும் கேட்கச் சொல்லவில்லை. அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை, ஆனால் வெளிப்படையாகக் கோரியிருந்த சிலதை அன்றைக்குத் திரும்பப் பெற்றார். கண்காணிப்பு நீங்கி, கைமாற்றம் மட்டும் இங்கே, ஒன்றுவிட்டு ஒரு வார இறுதி என்னோடு, புதன்கிழமை மாலை வீடியோ அழைப்பு என்று எழுதிக் கொடுத்தோம், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிள்ளையைத் தபால்காரனாக்காதீர்கள் என்று சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார்கள். அவன் பையில் அது போகும் வரும், சொல்ல வேண்டியதை அதில் எழுத வேண்டும். அவர் எழுதிய முதல் வரி: "இருமல் மருந்து 5 மி.லி., இரவு மட்டும். குடிக்க அடம்பிடிப்பான், கதை சொன்னால் குடிப்பான்." வக்கீல் கையெழுத்து இல்லாமல் அவரிடமிருந்து எனக்கு ஒரு வரி வந்து வெகுகாலமாகியிருந்தது. நான் பதிலுக்கு, "குடித்தான். சிங்கம் கதை" என்று எழுதினேன்.

யாருக்கு இந்த மையத்தைப் பரிந்துரைப்பேன்? எதிரில் நின்றாலே குரல் உயரும் என்கிற நிலையில் இருப்பவர்கள், சண்டை தீராவிட்டாலும் கைமாற்றத்துக்காவது வாருங்கள். அடிதடி வரலாறு இருந்தால் வெறும் இரண்டு வாசல் போதாது, வாயிலில் காவலுக்கு ஆள் உண்டா, வாகனம் நிறுத்துமிடம் தனித்தனியா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இங்கே முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. கைக்குழந்தை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் என்பது மிக நீண்ட இடைவெளி, வாரத்தில் இரண்டு மூன்று முறை, கொஞ்ச நேரமே என்றாலும் பரவாயில்லை என்று கேட்டுப்பாருங்கள், நேரம் ஒதுக்குகிறார்கள்.

நட்சத்திரம்: ஐந்துக்கு நான்கு. கடிகாரத்துக்கும் ஆறு ஊழியருக்கும் ஒன்றரை குறைக்க நினைத்தேன், அலமாரியின் மேல்தட்டுக்காக அரையைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். போன சனிக்கிழமையும் கைமாற்றத்துக்குப் போனேன். அவன் ஷூவைக் கழற்றவில்லை, கழற்ற வேண்டியதில்லை, கையோடு வெளியே கிளம்பினோம். வரவேற்பில் அதே பெண், அதே தாள், தலைப்பில் தந்தை வருகைப் பதிவு. நான் கேட்பதற்கு முன்பே பேனாவை நீட்டினார். அடித்துவிட்டு எழுதினேன்.